கத்தி போட்டவனின் உடல்நலச் சான்று

சட்டையைக் கழற்றச் சொன்னபோது நாகசுப்பிரமணியனுக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. குளிர்தான் யோசனையாக இருந்தது. ஐப்பசி மாதம். அருப்புக்கோட்டையில் அப்போது மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே மேற்கு ஜெர்மனியில் ஜன்னலுக்கு வெளியே ரோடும் மரமும் கட்டடமும் எல்லாமே நனைந்து சாம்பல் நிறமாகக் கிடந்தன.

பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த வெளிநாட்டு மாணவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, பிறகு டாக்டரிடம் உடம்பைக் காட்ட வேண்டும். காசநோய் இல்லை, உடம்பும் மனசும் படிக்கத் தகுதியாக இருக்கின்றன என்று அவர் சான்று கொடுத்தால்தான் ஆய்வுக்கூடத்துக்குள் விடுவார்கள்.

டாக்டர் ஹார்ட்விக் வயதானவர், ஒட்டடைக் கம்பு போல உயரம். இடது கன்னத்தில் காதோரம் தொடங்கி உதட்டுப் பக்கம் வரை ஒரு பழைய தழும்பு. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நல்லது என்று தலையசைத்தார். அதன் பிறகுதான் திரும்பி நாகசுப்பிரமணியனின் மார்பைப் பார்த்தார். மார்பின் இரண்டு பக்கமும், தோள்பட்டையிலும், முழங்கைக்கு மேலும் குறுக்கும் நெடுக்குமாக வெட்டுத் தழும்புகள். சில பழையவை, தோலோடு கலந்துவிட்டன. சில போன வருஷத்தவை, மினுமினுப்பாக மேடு தட்டியிருந்தன.

"இது என்ன?" என்றார் ஜெர்மனில்.

"கத்தி."

"யார் செய்தது?"

"நான்தான்."

"ஏன்?"

அந்த ஏனுக்குப் பதில் சொல்லும் அளவுக்கு நாகசுப்பிரமணியனிடம் ஜெர்மன் இல்லை. கப்பலில் வரும்போது புத்தகம் பார்த்துப் படித்த பாஷை ரொட்டி கேட்கவும் வழி கேட்கவும்தான் ஆகும். ஆகவே சிரித்தான். ஊரில் யாராவது அந்தத் தழும்பைப் பற்றிப் பேசினால் சிரிக்கிற அதே சிரிப்பு. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது என்று பிற்பாடு அவன் பல தடவை நினைத்துக்கொண்டான்.

அவன் அருப்புக்கோட்டை நெசவுத் தெருவில் சென்னய்யாவின் மூத்த மகன். வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ் என்று வளர்ந்தவன். மதுரையில் ரசாயனம் படித்து, மில் ஒன்றின் சாயப் பிரிவில் வேலை பார்த்து, ஜெர்மன் அரசாங்க ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போட்டுக் கிடைத்து, அறுபத்தைந்தாம் வருஷம் சாயத் தொழில் படிக்க வந்திருந்தான். தெருக்காரர்கள் பஸ் ஸ்டாண்டு வரை கொட்டு வைத்து வழியனுப்பினார்கள்.

அவர்களுடைய குலதெய்வம் சௌடேஸ்வரி அம்மன். திருவிழாவில் அம்மனைக் கலசத்தில் இறக்கி, கிணற்றடியிலிருந்து கோயிலுக்கு அழைத்து வருவார்கள். அம்மன் லேசில் வர மாட்டாள். பாதி வழியில் நின்றுவிடுவாள். கலசம் தூக்கியவர் கால் நகராது. அப்போது விரதம் இருந்த வாலிபர்கள் இரண்டு கையிலும் கத்தி பிடித்து, எடுத்துக்கொள் தாயே என்று கூவிக்கொண்டு, கொட்டுக்குத் தக்கபடி மார்பிலும் தோளிலும் வெட்டிக்கொண்டு ஆடுவார்கள். ரத்தத்தைக் கண்டு மனம் இரங்கித்தான் தாய் மேலே நடப்பாள். வெட்டுக்காயத்தில் பண்டாரம் என்கிற மஞ்சள் பொடியை அப்பிவிடுவார்கள். அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போன ஆள் அந்தத் தெருவில் கிடையாது. நாகசுப்பிரமணியன் மீசை அரும்பிய வருஷத்திலிருந்து கத்தி போடுகிறவன். சென்னய்யா மகனுக்குக் கத்தி நன்றாக விழுகிறது என்று தெருவில் பேர். பட்டம் வாங்கிய பேரெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

சான்று வரவில்லை. கூட நின்றவர்கள் எல்லாருக்கும் வந்துவிட்டது. வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆபீஸில் ஃப்ராவ் லென்ஸ் என்ற அம்மாள் இருந்தார். கண்ணாடியைச் சங்கிலி கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவன் போய் நின்றதும் கண்ணாடியை மாட்டி, தாள்களைப் புரட்டி, மறுபடி கழற்றித் தொங்கவிட்டுவிட்டு, "டாக்டரிடமிருந்து இன்னும் வரவில்லை" என்பார். எப்போது வரும் என்று கேட்டால், "வந்ததும் வரும்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பதிலுக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

காலையில் ரொட்டி. அதைச் செங்கல் என்றுதான் சொல்ல வேண்டும், அறுப்பதற்குத் தனிக் கத்தி வைத்திருந்தார்கள். பிறகு டிராம் பிடித்து வகுப்புக்குப் போவான். பேராசிரியர் பேசுவதில் ரசாயனப் பேர்கள் மட்டும் புரியும். அவற்றுக்கு இடையே வருகிற பேச்சு புரியாது. எல்லாரும் சிரித்து முடித்த பிறகு இவன் சிரிப்பான். மத்தியானம் மாணவர் சாப்பாட்டுக்கூடத்தில் எது மாட்டுக்கறி, எது பன்றிக்கறி என்று கேட்க வெட்கப்பட்டு, உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் மட்டும் தட்டில் வாங்குவான். சாயங்காலம் விடுதியின் பொதுச் சமையலறையில் ஒரு துருக்கிக்காரனும் ஒரு கிரேக்கனும் அடுப்புக்குச் சண்டை போட்டு முடிக்கும் வரை கையில் சட்டியுடன் நிற்பான். இதெல்லாம் எல்லா வெளிநாட்டு மாணவனுக்கும் உள்ளதுதான். பழகிப்போகும்.

பழகாதது மத்தியானத்துக்கு மேல்தான். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு சாய ஆய்வுக்கூடத்துக்குள் போவார்கள். இவன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பான். உள்ளே நூல் கழிகள் சாயத் தொட்டியில் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும். கதவு திறந்து மூடும்போது வருகிற வாசனையை வைத்தே இன்றைக்கு என்ன சாயம் என்று அவனால் சொல்ல முடியும். ஆனால் யாரும் கேட்கவில்லை. முதல் பருவத்தில் ஆய்வுக்கூட வேலையை முடிக்காவிட்டால் ஸ்காலர்ஷிப்பை நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கொட்டு வைத்து அனுப்பிய தெருவுக்கு என்ன காரணம் சொல்லிக்கொண்டு திரும்புவது? கத்தி போட்டதற்காகத் திருப்பி அனுப்பினார்கள் என்றால் எவன் நம்புவான்?

அந்த ஜெர்மன் ஊரில் அவனுக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள் செல்லப்பாண்டி. திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊர்க்காரன். பாலிடெக்னிக் படித்துவிட்டு அங்கே ஒரு மிஷின் கம்பெனியில் பயிற்சிக்கு வந்தவன். இவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டதால் ஜெர்மன் சரளமாகப் பேசுவான், தப்பும் தவறுமாகப் பேசினாலும் கூச்சப்பட மாட்டான். ஞாயிற்றுக்கிழமை வருவான். ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்ப் பொடி பாட்டிலைக் கோட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து, அவித்த கிழங்கின் மேல் ரெண்டு பேருக்கும் தூவுவான்.

"ஏலே நாகு, டாக்டரு கேட்டா எவனாச்சும் உள்ளதச் சொல்லுவானா? தறியில விழுந்து அடிபட்டுச்சுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சாமி காரியத்துக்கு எதுக்குப்பா பொய் சொல்லணும்?"

"சாமி காரியமெல்லாம் நம்ம ஊர்ல. இங்க சாமி ஞாயித்துக்கெழம காலையில மட்டுந்தான் இருப்பாரு. மத்தியானச் சோத்துக்கு அவரும் வீட்டுக்குப் போயிருவாரு."

நாகசுப்பிரமணியன் சிரிக்கவில்லை. அவன் யோசனை வேறாக இருந்தது. டாக்டர் மேல் தப்பில்லை, தழும்பை மட்டும் பார்த்தால் யாருக்கும் அடிதடி என்றோ சாகப் பார்த்தவன் என்றோதான் தோன்றும். தெரு முழுக்கக் கூடி நிற்பதையும், மாலையையும், கொட்டையும், கலசத்தையும் கண்ணால் பார்த்துவிட்டால் புரிந்துகொள்வார். வீட்டு முன்னறையில் சட்டம் போட்டு மாட்டிய போட்டோ ஒன்று உண்டு. அருப்புக்கோட்டை ஸ்டுடியோக்காரர் வந்து திருவிழாவில் எடுத்தது. அதை அனுப்பும்படி அப்பாவுக்கு எழுதினான். சென்னய்யாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. சட்டத்தைப் பிரித்து, போட்டோவை அட்டைக்குள் வைத்துத் தைத்து, கூடவே ஒரு பொட்டலம் பண்டாரமும் வைத்து விமானத் தபாலில் அனுப்பினார்.

செல்லப்பாண்டி லீவு போட்டுவிட்டு மொழிபெயர்க்க வந்தான். டாக்டர் ஹார்ட்விக் போட்டோவை மேஜையில் வைத்துப் பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார். நடுவில் நாகசுப்பிரமணியன், இரண்டு கையும் கத்தியுமாக. மார்பில் ரத்தம் வழிந்து வேட்டி வரை இறங்கியிருந்தது. கண்கள் மேலே செருகியிருந்தன. சுற்றிலும் ஜனங்கள் கைகூப்பி நின்றார்கள்.

"பக்கத்தில் நின்று சிரிக்கிறவர் யார்?"

"என் அப்பா."

"இந்தப் பெண்கள்?"

"அம்மா. இது தங்கை."

"ஒருவரும் உன்னைத் தடுக்கவில்லையா?"

இதைச் செல்லப்பாண்டி மொழிபெயர்த்தபோது நாகசுப்பிரமணியனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "தடுக்கவா? அவுக ஏன் தடுக்கணும்?" என்று செல்லப்பாண்டியைப் பார்த்தே கேட்டான்.

"மறுபடியும் இதைச் செய்வாயா?"

"ஏலே, இல்லன்னு சொல்லு" என்றான் செல்லப்பாண்டி தமிழில், முகத்தை மாற்றாமல்.

"ஊர்ல இருந்தா வருஷா வருஷம் உண்டுன்னு சொல்லு."

செல்லப்பாண்டி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அப்படியே சொன்னான். டாக்டர் போட்டோவை எடுத்து நாகசுப்பிரமணியன் பேர் எழுதிய கோப்புக்குள் வைத்து மூடினார். திருப்பித் தரவில்லை. பண்டாரப் பொட்டலத்தை நர்ஸ் இரண்டு விரலால் பிடித்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோனாள். சமையலுக்குப் போடும் மஞ்சள்தான் என்று அங்கிருந்து பதில் வந்தது. அதனால் ஒரு நன்மையும் விளையவில்லை.

அடுத்தது மனநோய் டாக்டர். அவர் இளைஞர், நல்ல மாதிரி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். தாளையும் பென்சிலையும் கொடுத்து ஒரு மரம் வரையச் சொன்னார். பரீட்சை இதுதான் போலிருக்கிறது என்று நாகசுப்பிரமணியன் கவனமாக வரைந்தான். திருச்சுழி ரோட்டில் பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் பார்த்துப் பார்த்து மனசில் பதிந்த மரம், ஒற்றைப் பனை. நெடுநெடுவென்று ஒரு தண்டு, உச்சியில் கொஞ்சம் ஓலை, சுற்றிலும் ஒன்றுமில்லாத கரிசல் காடு.

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிளைகள் ஏன் இல்லை?"

"இந்த மரத்துக்குக் கிளை கிடையாது."

"பக்கத்தில் வேறு மரமோ வீடோ ஏன் இல்லை?"

"அந்தப் பக்கமெல்லாம் அப்படித்தான்."

"கிளை உள்ள மரங்களும் உங்கள் ஊரில் இருக்கும் அல்லவா? நீங்கள் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள்" என்று மிருதுவாகச் சொல்லி, நிறைய எழுதிக்கொண்டார்.

அன்று டிராமில் திரும்பும்போது நாகசுப்பிரமணியனுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. புளியமரம் வரைந்திருக்கலாம். வேம்பு வரைந்திருக்கலாம். அருப்புக்கோட்டையிலேயே எத்தனை வேம்பு. எந்த நேரத்தில் போய்ப் பனை நினைவுக்கு வந்தது.

மார்கழி பிறப்பதற்குள் செல்லப்பாண்டி ஒரு சேதியோடு ஓடிவந்தான். அவன் கம்பெனி மேஸ்திரியிடம் பேச்சுவாக்கில் டாக்டரின் கன்னத் தழும்பைப் பற்றிக் கேட்டிருக்கிறான். மேஸ்திரி சொன்னாராம், அந்தக் காலத்தில் பெரிய வீட்டுப் பிள்ளைகள் காலேஜில் சங்கம் வைத்து வாள் எடுத்துச் சண்டை போடுவார்கள், கண்ணுக்கு மட்டும் கவசம் மாட்டிக்கொண்டு கன்னத்தைத் திறந்து வைத்துக்கொள்வார்கள், வெட்டு விழும்போது முகத்தைத் திருப்பக் கூடாது, தழும்பு விழுந்தால் அது மரியாதை.

"ஏலே, அந்தாளும் கத்தி போட்டவருதான். ஒங்க தெருக்காரரு மாதிரி. போயிப் பேசு."

நாகசுப்பிரமணியனுக்கு உடம்பெல்லாம் லேசானது போலிருந்தது. இனி விளக்க ஒன்றும் இல்லை என்று நினைத்தான். மறுநாளே இரண்டு பேரும் போனார்கள். செல்லப்பாண்டி மரியாதையாகவே ஆரம்பித்தான். தங்கள் கன்னத்தில் உள்ளதும் இவன் மார்பில் உள்ளதும் ஒரே ஜாதி என்று சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். முகம் சிவந்து, தழும்பு மட்டும் வெளிறித் தெரிந்தது.

"அது வேறு. எதிரில் ஒருவன் நின்றான். நடுவர் இருந்தார். விதிகள் இருந்தன. நான் என்னை வெட்டிக்கொள்ளவில்லை."

"எங்களுக்கும் விதி இருக்கிறது. விரதம் இருக்கிறது. எதிரில் அம்மன் இருக்கிறாள்" என்றான் நாகசுப்பிரமணியன்.

கடைசி வாக்கியத்தை மொழிபெயர்க்கச் செல்லப்பாண்டி கொஞ்சம் தயங்கினான். பிறகு சொன்னான்.

"அவர் எனக்கு அறிமுகம் இல்லை" என்றார் டாக்டர்.

வெளியே வந்து பனி கொட்டுகிற ரோட்டில் நடக்கும்போது செல்லப்பாண்டிதான் பேசினான். "அடுத்தவன் வெட்டுனா மரியாதை, தானா வெட்டுனா கிறுக்கு. நல்லா இருக்குலே நியாயம். அடுத்த வருசம் திருவிழாவுக்கு நான் வாரேன். எதுத்தாப்புல நின்னு நானே ஒன்ன வெட்டிவிடுறேன். சட்டப்படி சரியாப் போயிரும்."

அதற்கு அடுத்த வாரம் ஃப்ராவ் லென்ஸ் கூப்பிட்டு அனுப்பினார். டாக்டர் ஒரு வழி சொல்லியிருக்கிறார் என்றார். டைப் அடித்த ஒரு தாள். அதில் மூன்று வாசகம். முன்பு தனக்கிருந்த மனநோயால் தன்னைக் காயப்படுத்திக்கொண்டதாக ஒப்புக்கொள்கிறேன். சிகிச்சைக்கு ஒத்துழைப்பேன். இந்த நாட்டில் இருக்கும் வரை இனி அப்படிச் செய்ய மாட்டேன். கீழே கையெழுத்துப் போட்டால் நாளைக்கே ஆய்வுக்கூடத்துக்குப் போகலாம்.

கடைசி வாசகத்தில் அவனுக்குத் தகராறே இல்லை. அம்மன் அழைப்பு இல்லாத ஊரில் கத்தியை எவன் தொடப்போகிறான்? முதல் வாசகத்தில்தான் கை ஓடவில்லை. தாளை வாங்கிக்கொண்டு விடுதிக்கு வந்துவிட்டான்.

செல்லப்பாண்டிக்குக் கோபம் வந்தது. "எங்காத்தா கருத்தம்மா மல்லிக் காட்டுல கூலிக்குப் போயி என்னப் படிக்க வச்சா. இங்க எவனாச்சும் ஒன் ரெண்டு காதும் கோணன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாலும் நான் போட்டுட்டுப் போயிக்கிட்டே இருப்பேன். ஒனக்கு என்ன வந்துச்சு?"

"நீ போடுவ. ஒன் காது ஒன்னோட போயிரும். நான் போட்டா எங்கப்பா கிறுக்கு, எங்க சித்தப்பா கிறுக்கு, கும்பிட்டு நிக்கிற தெருவே கிறுக்கு. போட்டோவையும் அந்த டாக்டரு கூடவே வச்சிருக்காரு, ஆதாரத்துக்கு."

"இங்க எழுதுறது அங்க யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்லப்பா."

"அப்ப என்னதான் செய்யப்போற?"

நாகசுப்பிரமணியனுக்கு அதற்கு மேல் பேசத் தெரியவில்லை. அவன் அப்பாவுக்கும் பேசத் தெரியாது. ஊரில் நூல் தட்டுப்பாடு வந்தால் நெசவாளிகள் நூல்கடைக்குப் போவார்கள். நூல் இல்லை என்று முதலாளி சொல்லுவார். வாதாட மாட்டார்கள், திட்ட மாட்டார்கள். கடை வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். முதலாளி உள்ளே போவார், வெளியே வருவார், சாப்பிடப் போவார், தூங்கி எழுந்து வருவார். இவர்கள் அங்கேயே இருப்பார்கள். பார்க்கப் பார்க்க முதலாளிக்கு உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. பொழுது சாய்வதற்குள் எங்கிருந்தோ ஒரு பொட்டலம் நூல் வந்துவிடும்.

டாக்டரின் அறைக்கு வெளியே ஒரு மரப் பெஞ்சு இருந்தது. மறுநாள் வகுப்பு முடிந்ததும் நாகசுப்பிரமணியன் போய் அதில் உட்கார்ந்தான். கோட்டுப் பொத்தான் எல்லாம் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி. யாரும் கேட்டால், "டாக்டருக்கு நேரம் கிடைக்கும்போது" என்று மட்டும் சொன்னான். நேரம் இல்லை என்றார்கள். சரி என்றான். விளக்கணைத்துப் பூட்டும்போது எழுந்து போனான். அடுத்த நாளும் வந்தான். மற்றவர்கள் ஆய்வுக்கூடத்தில் நிற்கும் நேரம் முழுக்க அவன் இங்கே இருந்தான். புத்தகம்கூடக் கொண்டுபோகவில்லை. படித்தால் அது காத்திருப்பு ஆகாது. முதலில் நர்ஸுகள் சுற்றிக்கொண்டு போனார்கள். பிறகு தாண்டிப் போனார்கள். பிறகு ஒருத்தி, பால் விட்டதா விடாததா என்று கேட்டு, காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். கிறிஸ்துமஸுக்கு மரம் கொண்டுவந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அந்த மரத்துக்கு ஏகப்பட்ட கிளை. அவன் அதைப் பார்க்காமல் கதவைப் பார்த்தான்.

டாக்டர் ஹார்ட்விக் முதலில் அவனைப் பார்க்காதது போல நடந்தார். பிறகு வேறு வாசல் வழியாகப் போய்வந்தார். புது வருஷம் பிறந்து, தை மாதத்துப் பனி உறைந்து கிடந்த ஒரு நாள், கதவைத் திறந்து நின்று, "உனக்கு என்னதான் வேண்டும்?" என்றார்.

"அந்த முதல் வரி வேண்டாம். மற்றதற்குக் கையெழுத்துப் போடுகிறேன்."

இந்த ஒன்றை மட்டும் அவன் பிழையில்லாமல் சொன்னான். பெஞ்சில் உட்கார்ந்து அத்தனை நாளும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தது அதுதான்.

டாக்டர் தாளை வாங்கி முதல் இரண்டு வரியையும் பேனாவால் அடித்தார். அடித்துவிட்டு, ஓரத்தில் தன் கையால் ஒன்று எழுதினார். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வந்து உடம்பைக் காட்ட வேண்டும். புதுக் காயம் இருந்தால் சான்று ரத்து.

அப்படித்தான் அவன் ஆய்வுக்கூடத்துக்குள் போனான். பருவத்தில் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. விட்டதைப் பிடிக்க முடியவில்லை. நல்லவேளையாக ஸ்காலர்ஷிப் நிற்கவில்லை, ஆனால் அந்தப் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டும் என்றார்கள். பெஞ்சில் ஜெயித்தவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். செல்லப்பாண்டி பயிற்சி முடிந்து ஊருக்குக் கிளம்பியபோது மிளகாய்ப் பொடி பாட்டிலை இவனிடம் விட்டுப் போனான். அதில் அடிவண்டல்தான் மிச்சம்.

அதன் பிறகு அவன் நாட்கள் ஒரு பயத்தோடு கழிந்தன. காலையில் சவரம் செய்யும்போது கன்னத்தில் கீறிவிட்டால் முதலில் நினைவுக்கு வருவது டாக்டர். சமையலறையில் வெங்காயம் நறுக்கும்போது விரலைக் காட்டிலும் கத்தியைப் பார்ப்பான். ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை வெடித்து முன்கையில் நீளமாகக் கிழித்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஜெர்மன் மாணவனுக்கும் காயம். அவன் கட்டுப் போட்டுக்கொண்டு எல்லாரிடமும் காட்டிச் சிரித்தான். நாகசுப்பிரமணியன் கைக்குட்டையைச் சுற்றி, சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான். அடுத்த பரிசோதனையில் டாக்டர் அதைக் கண்டுபிடித்தார். ஏன் மறைத்தாய் என்று கேட்டார். ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் நேரில் வந்து, குடுவைதான் வெட்டியது என்று சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பொறுப்பாளர் இவன் கையில் கண்ணாடிச் சாமான் கொடுக்கும்போது ஒரு கணம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

ஒவ்வொரு பருவமும் அதே அறை. சட்டையைக் கழற்றுவான். டாக்டர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தழும்புகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். தறியில் இழை அறுந்திருக்கிறதா என்று பாவு நூலைத் தடவிப் பார்ப்பது போல இருக்கும். அவர் கெட்டவர் இல்லை. போகப்போக, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, அப்பா சௌக்கியமா என்றெல்லாம் கேட்க ஆரம்பித்தார். அவன் மரியாதையாகப் பதில் சொல்லுவான். போட்டோவைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒரு தடவை கேட்டான். அது கோப்பில் சேர்ந்துவிட்டது, கோப்பு பல்கலைக்கழகத்துச் சொத்து என்றார்.

அறுபத்தெட்டாம் வருஷம் பட்டம் கையில் வந்தது. கிளம்புவதற்கு முன் கடைசிப் பரிசோதனை. டாக்டர் பார்த்து முடித்து, சட்டையை அவரே எடுத்துக் கொடுத்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கோப்பிலிருந்து அவனுடைய பரிசோதனை அட்டையை எடுத்து ஒரே ஒரு வார்த்தை எழுதி, கீழே கோடு போட்டு, அவன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

'குணமடைந்தார்.'

நாகசுப்பிரமணியன் அதை இரண்டு தடவை படித்தான். இப்போது அவனுக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும்.

"எதிலிருந்து குணம்?" என்றான்.

டாக்டர் சிரித்து, அவன் தோளைத் தட்டினார். "உன்னை இப்படி ஊருக்கு அனுப்புவதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா? உன் அப்பாவிடம் சொல்."

"எனக்கு நோய் எதுவும் இருக்கவில்லை. அந்த வரியை நீங்களே அடித்தீர்கள்."

"ஆமாம், ஆமாம்" என்றார் டாக்டர், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில். "இனி அதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை." அட்டையைக் கோப்புக்குள் வைத்தார், போட்டோவுக்குப் பக்கத்தில். வெளியே அடுத்த மாணவன் கதவைத் தட்டினான்.

ஊருக்கு வந்ததும் சென்னய்யா கேட்டது போட்டோவைத்தான். முன்னறைச் சுவரில் அதன் இடம் சதுரமாக வெளுத்துக் கிடந்தது.

"அந்த டாக்டரே வச்சுக்கிட்டாருப்பா" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். சென்னய்யா அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஜெர்மனியில் ஒரு பெரிய டாக்டர் நம் அம்மன் போட்டோவைப் பார்த்து மனம் இளகி, கொடுக்க மனசில்லாமல் தானே வைத்துக்கொண்டார். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

அந்த வருஷத் திருவிழாவில் அம்மன் வழக்கம்போல வழியில் நின்றாள். இத்தனை வருஷம் கழித்து வந்தவன் என்று முதல் கத்தியை நாகசுப்பிரமணியன் கையில் கொடுத்தார்கள். விரதம் ஒழுங்காக இருந்திருந்தான். கொட்டு ஏறியது. எடுத்துக்கொள் தாயே என்று வாய் திறந்து கூவினான். முன்பெல்லாம் அந்த இடத்தில் கண் இருட்டி, தெரு மறைந்து, தாய் ஒருத்தி மட்டுமே மிச்சம் இருப்பாள். வெட்டு விழுவதே தெரியாது.

இப்போது வெட்டு விழுந்தது தெரிந்தது. எந்த இடத்தில், எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. தொட்டுப் பார்த்து எண்ண ஒரு விரல் வருவது போல இருந்தது. புதுக் காயம், சான்று ரத்து என்று தலைக்குள் ஒரு குரல் ஜெர்மனில் ஓடியது. போ என்று விரட்டி மறுபடி கூவினான். அப்போதும் அந்த வெள்ளைத் தலையும் மூக்குக் கண்ணாடியும் முன்னால் நின்றன. அவற்றுக்குப் பின்னால்தான் எங்கேயோ கலசம் தெரிந்தது. அந்த ஆத்திரத்தில் கையை ஓங்கி ஓங்கிப் போட்டான்.

அம்மன் நகர்ந்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ ஓடிவந்து மார்பில் பண்டாரத்தை அப்பினார்கள்.

"பார்த்தீகளா, சீமைக்குப் போயும் கத்தி எப்படி விழுதுன்னு" என்று சென்னய்யா பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "முன்னைக்கு இப்பத்தான் நல்லா விழுது."

நாகசுப்பிரமணியன் கத்திகளைக் கழுவி, கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பிரசாதம் வாங்க நிற்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.